ஆயம்மாளின் பட்டை, விஜயாவின் கை

தன் இரண்டு கைகளில் இடது கைதான் வேகமானது என்பது விஜயாவுக்கே ஐம்பத்து நான்காவது வயதில்தான் தெரிய வந்தது. அதைக் கண்டுபிடித்துச் சொன்னது கட்டின புருஷனும் இல்லை, முப்பத்தைந்து வருஷமாக மேய்த்த கங்காணிகளும் இல்லை. மணிக்கட்டில் கட்டிய ஒரு ரப்பர் பட்டை. தெரிந்தும் என்ன புண்ணியம், அந்தக் கையின் பெருமை அவள் பெயரில் ஏறவில்லை. ஆயம்மாள் பெயரில் ஏறிவிட்டது.

குன்னூருக்கும் கோத்தகிரிக்கும் நடுவே இருக்கிறது வெள்ளைக்கல் எஸ்டேட். அங்கே லயம் என்கிற வரிசை வீடுகளில் குடியிருப்பவர்களில் முக்கால்வாசிப் பேர் சிலோனிலிருந்து திரும்பி வந்தவர்கள், இல்லாவிட்டால் அவர்கள் பெற்ற பிள்ளைகள். விஜயா பதுளைப் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் பிறந்தவள். ஒன்பது வயதில் கப்பலேறி, மண்டபம் முகாமில் நாற்பது நாள் கிடந்து, மலைக்கு வந்து சேர்ந்தாள். முகாமில் பக்கத்துப் பாயில் படுத்திருந்தவள்தான் ஆயம்மாள், மூன்று வயது மூத்தவள். இரண்டு குடும்பமும் மலையேறிய புதிதில் ஒருவர் வீட்டு மாட்டுக்கொட்டகையில் மூன்று மாதம் ஒண்டியிருந்தார்கள். அந்த வீட்டுக்காரி தினமும் காலையில் சாணம் அள்ள வரும்போது, “இன்னும் எடம் பாக்கலையா?” என்று கேட்பாள். கோபமாகக்கூடக் கேட்க மாட்டாள், மழை வருமா என்று கேட்பதுபோலக் கேட்பாள். அந்தக் கேள்வி ஆயம்மாளுக்குள் முள்ளாக நின்றுவிட்டது. எஸ்டேட்டில் பெயர் பதிந்து லயத்தில் ஒரு வீடு கிடைத்த அன்று, சாவியை இடுப்புக் கயிற்றில் முடிந்துகொண்டவள்தான். புருஷன் கூடலூர்ப் பக்கம் வேலைக்குப் போய்த் திரும்பாமலே இருந்துவிட்டான். பிள்ளை குட்டி இல்லை. சாவி மட்டும் இடுப்பைவிட்டு இறங்கவில்லை.

விஜயாவின் புருஷன் காலமாகி எட்டு வருஷம் ஆகிறது. மகள் திருப்பூரில். அவளுக்கு இந்த வயதில் இருந்த ஒரே ஆசை, ஒரு நாள் முழுக்கக் கையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டும் என்பதுதான். கோயிலுக்குப் போனால்கூட அவள் கை சும்மா இருக்காது. பக்கத்தில் நிற்பவள் தலைப்பூவில் வாடின இதழைக் கிள்ளிப் போட்டுக்கொண்டிருக்கும்.

தேயிலைக்கு விலை விழுந்து வருஷக்கணக்காகிறது. இந்தத் தடவை விழுந்தது எழுந்திருக்கவே இல்லை. கோத்தகிரிப் பக்கம் சிறுவிவசாயிகள் பச்சைத்தேயிலைக்கு விலை கேட்டுப் பந்தல் போட்டு உட்கார்ந்தார்கள். இரண்டு ஃபேக்டரி மூடியது. வெள்ளைக்கல் ஃபேக்டரி வாரத்தில் மூன்று நாள்தான் புகைந்தது. மற்ற தோட்டங்களைப்போலக் கத்தரி போட்டு வெட்டினால் ஆள் குறையும். ஆனால் இங்கே கையால் கிள்ளிய கொழுந்தைக் கேட்டுத்தான் வெளிநாட்டுக்காரன் ஒருவன் வாங்கிக்கொண்டிருந்தான். அதனால் கையும் வேண்டும், ஆளும் குறைய வேண்டும். எஸ்டேட் நிர்வாகத்துக்குக் கூழுக்கும் ஆசை, மீசைக்கும் ஆசை.

அந்த நேரத்தில்தான் பட்டை வந்தது. காலையில் ஆள் எடுக்கும் பெரட்டுக்களத்தில் ஒரு மேசை போட்டு, அட்டைப்பெட்டியைத் திறந்துவைத்துக்கொண்டு நின்றாள் ஆஸியா. குன்னூர் பஜாரில் ஜவுளிக்கடை வைத்திருப்பவரின் மகள், கோயமுத்தூரில் கம்ப்யூட்டர் படித்தவள். பட்டை செய்யும் கம்பெனி அவளைத்தான் இந்த மலைக்கு அனுப்பியிருந்தது.

“ஏனுங்க, பயப்படாதீங்க. இதுல பட்டனும் இல்லை, படிக்கறதுக்கும் ஒண்ணும் இல்லை. நீங்க பாட்டுக்குக் கொழுந்து எடுங்க. கை எப்படிப் போகுது, எப்படி வருதுனு இதுவே பாத்துக்கும்” என்றாள்.

“ரெண்டு கையாலதானே எடுக்கிறோம், ஒரு பட்டைதானே குடுக்குற?” என்று விஜயா கேட்டாள்.

“ஒண்ணு போதுங்கக்கா. மத்தக் கை எவ்வளவு செய்யுமுனு அதுவே போட்டுக்கும்.”

வேலை செய்பவர்களின் களைப்பைக் கண்டுபிடித்து உதவுவதற்காக இந்தப் பட்டை என்று மேனேஜர் பேசினார். இரண்டு மாதம் கழித்துப் பட்டியல் வரும் என்றும் சொன்னார். கடைசியில் இருக்கிற முப்பது பேரைக் குறைப்பதற்கு என்பதை மட்டும் அவர் சொல்லவில்லை. அதைக் கங்காணி ரவிச்சந்திரன் மத்தியானத்துக்குள் சொல்லிவிட்டான். பெயர் போனால் லயத்து வீடும் போகும் என்பதை யாரும் சொல்ல வேண்டிய தேவையே இல்லை.

பட்டையோடு வாழப் பழகிய கதையைச் சொன்னால் சிரிப்பாகத்தான் இருக்கும். பத்து நிமிஷம் கை அசையாவிட்டால் அது உறுமும். அதற்காகத் தேத்தண்ணி குடிக்கும்போதுகூடப் பெண்கள் இடது கையில் டம்ளரைப் பிடித்துக்கொண்டு வலது கையால் காற்றைக் கிள்ளினார்கள். ஒருத்தி கன்றுக்குட்டியின் வாலில் கட்டிவிட்டு வெற்றிலை போட உட்கார்ந்தாள். மறுநாள் ஆஸியா கையில் டேப்லெட்டோடு வந்து, “மாட்டு வாலுக்கும் மனுசி கைக்கும் அதுக்கு வித்தியாசம் தெரியுமுங்க” என்றாள். ஒரு நாள் பதினான்காம் நம்பர் தேயிலை மலையில் காட்டெருமை ஒன்று இறங்கி நடுவழியில் நின்றுவிட்டது. காட்டெருமைக்கு முன்னால் அசையாமல் நிற்க வேண்டும் என்பது பால்குடிப் பிள்ளைக்கும் தெரியும். நாற்பது பெண்களும் மூச்சை அடக்கிக்கொண்டு நிற்க, பத்தாவது நிமிஷம் நாற்பது பட்டைகளும் ஒன்றாக உறுமின. எருமை தலையைத் தூக்கி ஒரு பார்வை பார்த்துவிட்டு, இந்த ஜன்மங்களோடு சகவாசம் வேண்டாம் என்பதுபோலச் சோலைக்குள் போய்விட்டது. அன்று சாயங்காலம் நாற்பது பேர் பெயருக்கும் எதிரே சிவப்புக் கோடு.

ஆயம்மாளுக்குச் சிரிப்பு வரவில்லை. அவளுக்கு வலது தோள் இறுகிப்போய் ஐந்து மாதமாகிறது. கை நெஞ்சுக்கு மேலே எழும்பாது. தலை சீவுவதுகூட விஜயாதான். இத்தனை நாள் அவள் சாக்கு எப்படி நிரம்பியது என்றால், பிடி போட்டுத்தான் நிரம்பியது. அது இவர்களுக்குள் இருக்கும் வழக்கம். வயிற்றுப்பிள்ளைக்காரியோ, சாவு வீட்டிலிருந்து வந்தவளோ, காய்ச்சல்காரியோ தேயிலைச் செடி வரிசையான நிறையில் நின்றால், கடந்து போகிற ஒவ்வொருத்தியும் தன் கொழுந்தில் ஒரு பிடியை அவள் சாக்கில் போட்டுவிட்டுப் போவாள். போடுகிறவள் பேசக்கூடாது. வாங்குகிறவள் திரும்பிப் பார்க்கக்கூடாது. அதைப் பற்றிப் பிறகு ஒரு வார்த்தை எடுத்தாலும் பிடி போட்டதன் மானம் போய்விடும். ரவிச்சந்திரனின் அம்மாவுக்கே அப்படிப் பிடி விழுந்திருக்கிறது; அதனால் அவன் கண்ணும் அந்தப் பக்கம் திரும்பாது.

கொழுந்தைப் பிடி போட்டு நிரப்பலாம். அசைவை எப்படி நிரப்புவது? பட்டை கட்டிய முதல் நாளே விஜயா யோசித்துவிட்டாள். வேலைக்குப் போகும்போது சேலைக்கு மேலே முழுக்கைச் சட்டை போடுவது எல்லோருக்கும் வழக்கம். “அக்கா, ஒங்க பட்டையைக் கழத்திக் குடுங்க” என்று வாங்கித் தன் இடது மணிக்கட்டில் கட்டி, சட்டைக் கையை இழுத்துவிட்டுக்கொண்டாள்.

“ஒனக்கு என்னத்துக்குடி இந்தச் சள்ளை?” என்றாள் ஆயம்மாள்.

“ரெண்டு கையும் சும்மாவா இருக்கு? ஆளுக்கொண்ணு.”

“எனக்காகப் பாக்காத. ஊட்டுக்காகத்தான் வாங்கிக்கிறேன்.”

“தெரியும்க்கா.”

சள்ளைதான். விஜயா அதை ஆயம்மாளிடம் சொல்லவில்லையே தவிர, மனசுக்குள் தினமும் முனகினாள். முன்பெல்லாம் ஒரு கை ஓயும்போது மறு கை எடுக்கும். இப்போது இரண்டு கைக்கும் இரண்டு முதலாளி ஆகிவிட்டது. ஆயம்மாளின் கை வேகமாகப் போனால் சந்தேகம் வரும், மெதுவாகப் போக வேண்டும் என்று காலையில் நினைத்துக்கொள்வாள். ஒன்பது மணிக்கெல்லாம் அது மறந்துவிடும். முப்பத்தைந்து வருஷம் பழகின கைக்கு மெதுவாகப் போவது எப்படி என்று தெரியவில்லை. வலது கை முற்றின இலையில் கொஞ்சம் தயங்கும், இடது கை தயங்காது. சாயங்காலம் படுத்தால் இரண்டு கையும் போர்வைக்குள்ளே துடித்துக்கொண்டிருக்கும். இந்தப் பிழைப்பு என்றைக்கு விடும் என்று நினைத்துக்கொண்டே தூங்கிப்போவாள்.

இரண்டு மாதம் கழித்துப் பட்டியல் வந்தது. கடைசி முப்பதில் ஆயம்மாள் பெயர் இருக்கிறதா என்று விஜயா கீழேயிருந்து தேடினாள். இல்லை. மேலே போனாள். பாதிக்கு வந்தும் இல்லை. முதல் வரியில் இருந்தது. வெள்ளைக்கல் எஸ்டேட்டிலேயே முதல் கை, ஆயம்மாள். இரண்டாவது விஜயா. கிணறு வெட்டப் பூதம் கிளம்பியது என்பார்களே, அதுதான்.

பெரட்டுக்களத்தில் மேனேஜர் ஆயம்மாளுக்கு ஒரு சால்வை போர்த்தினார். போர்த்தும்போது தோள் வலித்து அவள் முகம் சுளித்தது, மேனேஜர் அதை அடக்கம் என்று எடுத்துக்கொண்டார். கூட்டத்தில் கைதட்டிக்கொண்டு நின்ற விஜயாவுக்கு ஒரு கணம் வயிறு எரிந்தது உண்மை. ஆயுசில் ஒருத்தரும் அவளுக்குச் சால்வை போர்த்தியது கிடையாது. உடனே, சீ என்று தன்னையே வைதுகொண்டாள்.

சால்வையோடு போயிருந்தால் பரவாயில்லை. “ஆயம்மாள் கை எவ்வளவு வேகமோ, அதுதான் இனிமே எல்லாருக்கும் அளவு. அம்பத்தேழு வயசுல இவங்களால முடியும்னா, மத்தவங்களால முடியாதா?” என்றார் மேனேஜர். புதன்கிழமை அவள் கொழுந்து எடுப்பதைப் படம் பிடித்து எல்லோருக்கும் காட்டப்போவதாகவும் சொன்னார்.

அந்தப் பட்டை யார் கையில் இருந்தது என்று நிறையில் நிற்பவர்களுக்கெல்லாம் தெரியும். ஆனாலும் மறுநாள் காலையில் லயத்துக் குழாயடியில் யாரும் விஜயாவோடு சண்டை போடவில்லை. போட்டிருந்தால்கூட நன்றாக இருந்திருக்கும். இசக்கியம்மா மட்டும் குடத்தைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு, “ஒரு பிடி போட்டா போதும்னு இருந்தோம். நீ மூட்டையையே போட்டுட்ட” என்றாள். அவளுக்கு இரண்டு முழங்காலிலும் வீக்கம். அந்த அளவுக்கு அவளால் எப்படி எட்ட முடியும்? விஜயா தன் குடம் நிரம்பி வழிவதைக்கூடப் பார்க்கவில்லை.

அன்று சாயங்காலம் அவள் ஆயம்மாளிடம் போய், “நெசத்தைச் சொல்லிரட்டுமா அக்கா?” என்று கேட்டாள்.

ஆயம்மாள் இடுப்புச் சாவியைத் தடவினாள். “கையைத் தூக்கிப் பாக்கிறேன். ஒரு தடவை படத்துக்குத்தானே? பத்து நிமிசம் பல்லைக் கடிச்சிக்கிறேன்” என்றாள். அந்த வீடு போய்விடக் கூடாது என்பதைத் தவிர அவள் கண்ணில் வேறு எதுவும் இல்லை. விஜயா தன் வீட்டுக்குத் திரும்பிவிட்டாள்.

புதன்கிழமை நல்ல வெயில். மேனேஜர், ஆஸியா, ரவிச்சந்திரன் மூன்று பேரும் நிறைக்கு முன்னால் நின்றார்கள். ஆஸியா போனை நீட்டிப் படம் எடுத்தாள். பட்டை அன்று ஆயம்மாளின் கையிலேயே இருந்தது. ஆயம்மாள் செடிக்குள் புகுந்தாள். தாழ்ந்த கிளையில் நாலு கொழுந்து கிள்ளினாள். மேல் தட்டுக்குக் கையைத் தூக்கினாள். கை நெஞ்சு வரை வந்து நின்றது. இடது கையால் வலது முழங்கையைத் தாங்கித் தூக்கிப் பார்த்தாள். உதட்டைக் கடித்துக்கொண்டு மறுபடியும் தூக்கினாள். நெற்றியில் வேர்வை முத்து முத்தாக நின்றது. சாக்கு தோளிலிருந்து நழுவி விழுந்து, நாலு கொழுந்தும் மண்ணில் கொட்டியது.

“கேமராவைப் பாத்துப் பயப்படறாங்களா?” என்றார் மேனேஜர். “பயப்படாதீங்கம்மா, இன்னொரு தடவை.”

ஆயம்மாள் இன்னொரு தடவை தூக்கினாள். அடிபட்ட மாடு முனகுவதைப்போல ஒரு சத்தம் அவளிடமிருந்து வந்தது. அதற்கு மேல் விஜயாவால் பார்த்துக்கொண்டு நிற்க முடியவில்லை. நிறையை விட்டு வெளியே வந்தாள். இரண்டு சட்டைக் கைகளையும் முழங்கை வரை சுருட்டிவிட்டாள். தேயிலைக் கறையேறிக் கறுத்த கைகள். வலது மணிக்கட்டில் பட்டை. இடது மணிக்கட்டில் பட்டை இருந்த இடம் மட்டும் வெளிறி, வளையம்போலத் தெரிந்தது. ஆயம்மாளின் மணிக்கட்டில் அப்படி ஒரு தடமும் கிடையாது.

“அந்தக் கை என்னுது தொரை” என்றாள். “அக்காளுக்குத் தோள் வராது. நான்தான் கட்டிக்கிட்டேன். அவுங்க மேல தப்பு இல்லை.”

ஆஸியா போனைத் தாழ்த்தினாள். மேனேஜர் கத்தவில்லை. கத்துகிற ஆளாக இருந்தால் விஜயாவும் நாலு வார்த்தை பேசியிருப்பாள். அவரும் களைத்துத்தான் போயிருந்தார். அவர் பெயரும் எங்கேயோ ஒரு பட்டியலில் இருக்கும். இரண்டு பெண்களின் கைகளையும் மாறி மாறிப் பார்த்தார்.

“அப்ப ரெண்டு மாசமா நீங்க ஒருத்தரே ரெண்டு பேர் வேலையைச் செஞ்சிருக்கீங்க” என்றார்.

“ஆமாங்க.”

“இவங்க இல்லாமலே இவங்க வேலை நடந்திருக்கு.”

விஜயாவுக்கு அப்போதுதான் அவர் எங்கே போகிறார் என்று புரிந்தது. “அப்படி இல்லைங்க தொரை” என்றாள்.

“நான் சொல்லலை. நீங்கதான் செஞ்சு காமிச்சிருக்கீங்க” என்று சொல்லிவிட்டு அவர் ஜீப்புக்கு நடந்தார்.

ஆஸியா மட்டும் பின்தங்கினாள். மண்ணில் கிடந்த கொழுந்தை அள்ளி ஆயம்மாளின் சாக்கில் போட்டாள். இந்த ஊர் வழக்கம் அவளுக்குத் தெரிந்திருக்க நியாயமில்லை. “ரெண்டு பட்டையும் எப்பவும் ஒரே எடத்துலதானுங்க இருந்துச்சு. போனா ஒண்ணாப் போச்சு, நின்னா ஒண்ணா நின்னுச்சு. ரெண்டு பேரும் பிரியாத கூட்டாளிங்கனு நெனச்சுட்டேனுங்கக்கா” என்றாள். அவள் கண் கலங்கியிருந்தது. அந்த யந்திரமும் அவளும் நினைத்ததில் பொய் ஒன்றும் இல்லை.

கடைசி முப்பது பேரோடு ஆயம்மாள் பெயரும் அந்த வாரமே எடுபட்டது. அளவை மட்டும் யாரும் குறைக்கவில்லை. ஒரு மனுஷியின் கை அந்த வேகத்தில் போனது உண்மைதானே என்றார்கள். இனி ஒவ்வொருத்திக்கும் இரண்டு பட்டை, இரண்டு கைக்கும். ஒரு கை இன்னொருத்திக்காக வேலை செய்ய இனிமேல் இடமில்லை. இசக்கியம்மாவின் பெயர் அடுத்த பட்டியலில் எங்கே இருக்குமென்று எல்லோருக்கும் தெரிந்தே இருந்தது. விஜயா ஊர் முகத்தைப் பார்க்காமல் ஒரு வாரம் வேலைக்குப் போய் வந்தாள். அந்த ஒரு வாரமும் இசக்கியம்மாவின் சாக்கில் முதல் பிடி போட்டவள் அவள்தான். அதைப் பட்டை எந்தக் கணக்கிலும் ஏற்றவில்லை.

மாதக் கடைசியில் ஆயம்மாள் வீட்டைக் கழுவித் துடைத்து, சுவரில் அடித்திருந்த ஆணியைக்கூடப் பிடுங்கிவிட்டுச் சாவியை ஆபீசில் கொடுத்தாள். இடுப்புக் கயிறு வெறுமனே தொங்கியது. கையில் ஒரு தகரப்பெட்டியோடு லயத்து வாசலில் நின்றவளை விஜயா கூப்பிடவில்லை. கூப்பிட்டால் வர மாட்டாள் என்று தெரியும். பேசாமல் பெட்டியை வாங்கிக்கொண்டு தன் வீட்டுக்குள் போய் வைத்தாள். ஆயம்மாள் கொஞ்ச நேரம் வெளியிலேயே நின்றாள். பிறகு உள்ளே வந்து மூலையில் உட்கார்ந்தாள்.

“ஒரு மாசந்தான்” என்றாள்.

“சரிக்கா.”

“எடம் பாத்துருவேன்.”

“பாக்கலாம்க்கா.”

மறுநாள் விஜயா வேலை முடிந்து வந்தபோது பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. இரண்டு பட்டைகளையும் கழற்றி வைத்தாள். கழற்றிய பிறகும் விரல்கள் எதையோ கிள்ளிக்கொண்டிருந்தன. ஆயம்மாள் சோறு வடித்துக் கத்தரிக்காய்க் குழம்பு வைத்திருந்தாள். எடுப்பதும் வைப்பதும் எல்லாம் இடது கையால். தனக்கும் விஜயாவுக்கும் தட்டு வைத்துப் பரிமாறினாள். இருவரும் உட்கார்ந்து சாப்பிட்டார்கள். இடம் தேடப் போனாயா என்று விஜயா கேட்கவில்லை. அந்தக் கேள்வியை அவள் ஆயுசுக்கும் கேட்கப்போவதில்லை.

பாதி சாப்பாட்டில் ஆயம்மாள் தண்ணீர் எடுக்க எழுந்தாள். விஜயாவைக் கடந்து போகும்போது தன் தட்டிலிருந்து ஒரு பிடி சோற்றை அள்ளி அவள் தட்டில் போட்டாள். ஒன்றும் சொல்லாமல் குடத்தடிக்குப் போனாள்.

விஜயா திரும்பிப் பார்க்கவில்லை. கண்ணீர் குழம்பில் விழுந்தது, அதையும் சேர்த்துப் பிசைந்து சாப்பிட்டாள்.